532-ஐ 4-ஆல் வகுக்க எந்த வழி நல்லது?

டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கு சொல்லித்தருகிறவர்கள் அதிகம் திணறுவது வகுத்தலில்தான். தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பிலேயே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் வகுக்கும் எண்ணே ஈரிலக்கமாகிவிடுகிறது. பள்ளியில் எண்ணைப் பிரித்து வகுக்கச் சொல்கிறார்கள். தாத்தா பாட்டிக்குத் தெரிந்ததோ நீள் வகுத்தல். பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்கிறது.

நீள் வகுத்தல் வேகமானது, இடமும் குறைவு. ஆனால் அதில் 532 என்ற எண் காணாமல் போய்விடுகிறது. '5-இல் 4 ஒரு தடவை, மீதி 1, 3-ஐ இறக்கு' என்று சொல்லும்போது அந்த 5 ஐந்நூறு என்பது பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. 618-ஐ 3-ஆல் வகுக்கக் கொடுத்துப் பாருங்கள். 6-இல் 3 இரண்டு தடவை. 1-இல் 3 போகாது. 8-ஐ இறக்கினால் 18, ஆறு தடவை. விடை 26 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். நடுவில் வரவேண்டிய சுழியம் போனதே தெரியாது.

இதற்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. இங்கே 100 ராண்ட் நோட்டு, 10 ராண்ட் நோட்டு, 1 ராண்ட் நாணயம் மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பு அப்படியே மேசைமேல் வந்துவிடும். காகிதத்தில் வெட்டிய நோட்டுகளே போதும். 532 ராண்டை நாலு பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள். ஐந்து நூறில் ஆளுக்கு ஒன்று போக ஒரு நூறு மிஞ்சும். அதை நாலாகக் கிழிக்க முடியாது. பத்துப் பத்து ராண்டாக மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே உள்ள மூன்றோடு சேர்த்து 13. ஆளுக்கு மூன்று கொடுத்தால் ஒன்று மிச்சம். அதையும் சில்லறையாக்கினால் 12 நாணயம், ஆளுக்கு மூன்று. விடை 133. '3-ஐ இறக்கு' என்பதன் பொருள் இந்த மாற்றலில்தான் இருக்கிறது. 618-இலும் அப்படித்தான்: ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு நூறு, ஆறு நாணயம், பத்து ராண்ட் நோட்டு ஒன்றுகூட இல்லை. 26 என்று எழுதப் பிள்ளைக்கே மனசு வராது.

பள்ளியின் பிரிக்கும் முறை இதற்கு அடுத்த படி. 532-ஐ 400, 120, 12 என்று பிரித்தால் 100, 30, 3 என்று அழகாக வரும். சிக்கல் என்னவென்றால், பிள்ளைகள் பழக்கத்தில் 500, 30, 2 என்றே பிரிக்கிறார்கள். அப்புறம் 30-ஐ 4-ஆல் வகுத்து 7, மீதி 2 என்று நிற்கிறார்கள். 4-ஆல் மீதியின்றி வகுபடும் துண்டுகளாகப் பிரிக்க வாய்ப்பாடு நன்றாகத் தெரிய வேண்டும். நோட்டு மாற்றிப் பழகிய பிள்ளைக்கு இது எளிது. அந்த 120 என்பது 13 பத்து ராண்டில் பங்கு போன 12 தானே!

ஈரிலக்க எண்ணால் வகுக்கும்போது மட்டும் நோட்டு உதவாது. 552-ஐ 23 பேருக்குப் பங்கு போட மேசை போதாது. அங்கே நான் கழித்துக்கொண்டே போகும் முறையைச் சொல்வேன். முதலில் ஓரமாக 23, 46, 115, 230 என்று 1, 2, 5, 10 மடங்குகளை எழுதிக்கொள்ள வேண்டும். 552-இல் இரண்டு தடவை 230 கழித்தால் 92. அதில் இரண்டு தடவை 46 போனால் ஒன்றுமில்லை. 20-உம் 4-உம் சேர்த்து 24. குறைவாகக் கழித்தாலும் அழிக்க வேண்டாம், இன்னொரு தடவை கழித்தால் சரி. நீள் வகுத்தலில் ஈவை ஊகித்து ஊகித்து அழிக்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

நீள் வகுத்தலை வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வரட்டும் என்கிறேன். இறக்கிய 13-ஐக் காட்டி 'இது என்ன?' என்று கேளுங்கள். 'பதிமூன்று பத்து' என்று பதில் வந்தால் தாராளமாகத் தொடங்கலாம். வெறும் 'பதிமூன்று' என்றால் இன்னும் கொஞ்ச நாள் நோட்டே இருக்கட்டும்.