டெய்லர் கே-2006 குளோரின் டெஸ்ட் கிட்: வெள்ளவத்தைத் தொடர்மாடித் தடாகத்தில் பாவித்துப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் படுகிற இடத்தில் நீச்சல் தடாகம் வைத்திருப்பவர்கள், அதிலும் குளோரின் மாத்திரையோ டிசிசிஏ எனும் குளோரின் தூளோ போடுபவர்கள், வேறு எதை வாங்காவிட்டாலும் இந்தக் கிட்டை வாங்குங்கள். எங்கள் தொடர்மாடியின் தடாகத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுமார் 60,000 லிட்டர், திறந்த வெளி, மரீன் டிரைவ் பக்கத்துக் கடல் காற்று வேறு. சித்திரை வெயிலில் சுவரெல்லாம் பாசி பிடித்து, படிக்கட்டின் இரண்டாவது படிக்குக் கீழே எதுவும் தெரியாத அளவுக்குப் பச்சையாகிவிட்டது. கொழும்பில் பச்சைத் தண்ணீர் என்றால் நுளம்பும் கூடவே வரும். டெங்குச் சோதனைக்கு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

அதுவரை பராமரிப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள் மஞ்சள் நிறம் காட்டும் இரண்டு போத்தல் கிட் ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். ஐந்து துளி விட்டால் தண்ணீர் கடும் மஞ்சளாகும், "குளோரின் காணும்" என்பார்கள், ஆனாலும் இன்னும் ஒரு வாளி தூள் போடுவார்கள். மூன்றாம் மாடி அன்ரி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: "குளோரின் மணக்குது தானே தம்பி, பிறகேன் இன்னும் பச்சை?"

அந்தக் கேள்விக்கு மஞ்சள் கிட்டிடம் பதில் இல்லை. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமீனாகிப் போனது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. மூக்கைக் குத்தும் அந்த மணமே பெரும்பாலும் குளோரமீனுடையது. அதைவிட முக்கியமானது, டிசிசிஏ தூளோடு சேர்ந்தே தண்ணீருக்குள் போகிற சயனூரிக் அமிலம், அதாவது ஸ்டெபிலைசர். இது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குளோரினில் பாதிக்கு மேல் போய்விடும், ஆகவே கொஞ்சம் வேண்டும்தான். 30 முதல் 50 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் அத்தனை பங்கு, போதும். சிக்கல் என்னவென்றால் குளோரின் செலவாகிப் போகும், இது போகாது. டிசிசிஏ மூலம் 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஏறும். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது கூடிவிடும், பாசிக்குக் கொண்டாட்டம். தண்ணீரை மாற்றினால்தான் குறையும்.

இதையெல்லாம் அளக்கத்தான் இந்த நீலப் பெட்டி. ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணாவிடம் சொல்லி எடுப்பித்தேன். வாங்கும்போது கே-2006 என்ற எண்ணைச் சரியாகப் பாருங்கள், கே-2005 என்று ஒன்று இருக்கிறது, பார்வைக்கு அச்சு அசல் இதேதான், ஆனால் அதில் குளோரினை நிற அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். கே-2006 இல் துளி எண்ணிக்கை. 10 மில்லி தண்ணீர் எடுத்து, கிட்டோடு வரும் சின்னக் கரண்டியால் இரண்டு கரண்டி சோதனைத் தூள் போட்டுச் சுழற்றினால் ரோஸ் நிறமாகும். பிறகு துளி மருந்தை ஒவ்வொரு துளியாக விட்டுச் சுழற்றிக்கொண்டே வர வேண்டும், ரோஸ் வெளுத்து வெளுத்து வந்து ஒரு துளியில் சட்டென்று கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். துளிகளை இரண்டால் வகுத்தால் பிபிஎம். அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இது இளம் ரோஸா கடும் ரோஸா என்று இரண்டு பேர் வாதாடத் தேவையே இல்லை, கண் பார்வை மங்கியவரும் செய்யலாம். தெளிந்த அதே தண்ணீரில் அடுத்த போத்தலிலிருந்து ஐந்து துளி விட்டு, மறுபடி ரோஸ் வந்தால் குளோரமீன் இருக்கிறது. போட்டதுமே ரோஸ் மின்னி மறைந்தால் குளோரின் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அளவுக்கு மிஞ்சி இருந்து நிறத்தையே வெளுக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சோதனைத் தூள் போடுங்கள்.

சயனூரிக் அமிலச் சோதனைதான் எங்கள் தடாகத்தின் கதையை உடைத்தது. தண்ணீரையும் மருந்தையும் சரிபாதி கலந்தால் பால் மாதிரிக் கலங்கும், அதைச் சின்னக் குழாயில் ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும், அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறைகிற இடம்தான் அளவு. வெயில் முதுகில் படும்படி நின்று பார்க்க வேண்டும். எங்களுடையதில் கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி காணாமல் போனது. அளவுகோல் 100 வரைதான், ஆகவே குழாய்த் தண்ணீர் பாதி சேர்த்துப் பார்த்தேன்: 70. அப்படியென்றால் உண்மையில் 140! பாசியைக் கொல்லக் குளோரினை அதன் 40 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருக்க வேண்டும், அதாவது 56 பிபிஎம். அது நடக்கிற காரியமில்லை.

ஆகவே தண்ணீரை இறக்கினோம், பாதிப் பாதியாக இரண்டு தவணை. ஒரேயடியாகக் காலி பண்ண வேண்டாம் என்று தொடர்மாடிக் குழுவிடம் அடித்துச் சொன்னேன், கடலோரம், மழை வேறு பெய்தால் நிலத்தடி நீர் வெறும் தொட்டியையே மேலே தூக்கிவிடும். நிரப்பிய பிறகு சயனூரிக் அமிலம் 40 என்று கிட் காட்டியது, ஆகவே குளோரின் இலக்கு 16 பிபிஎம். பிஎச்சை (தண்ணீரின் அமில-கார அளவை) முதலிலேயே 7.2க்கு இறக்கிக்கொண்டேன், குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் பிஎச் சோதனையை நம்ப முடியாது. இந்த முறை டிசிசிஏ கிடையாது, 65 சதவீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட். 60,000 லிட்டருக்கு 1 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 92 கிராம். இது சுண்ணாம்பைக் கூட்டும், ஆனால் எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு என்று இதே கிட் காட்டியதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: டிசிசிஏயும் கல்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கரண்டி, வாளி எல்லாம் தனித்தனி.

அப்புறம் வேலைதான். சுவரைத் தேய்ப்பது, அளப்பது, குறைந்ததை ஏற்றுவது, ஃபில்டரின் அழுத்தம் கூடினால் பேக்வாஷ் பண்ணுவது, அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவுவது. பச்சை போய்ச் சாம்பல் கலந்த பால் நிறம் வந்தது, அது செத்த பாசி, பிறகு மெல்ல மெல்லத் தரையின் ஓடு தெரிந்தது. ஆனால் ஓடு தெரிந்தவுடன் நிறுத்தக்கூடாது. பொழுது பட்டபின் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை அளந்து, இடையில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால்தான் பாசி உண்மையாகவே முடிந்தது. இரவில் வெயில் இல்லை, குளோரினைத் தின்ன வேறு யாருமில்லை. அரை பிபிஎம் வித்தியாசத்தை மஞ்சள் கிட்டோ பட்டைத் தாளோ காட்டாது, இது ஒரே துளியில் காட்டும். இந்த ஒரு காரணத்துக்கே கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. விலை உறைக்கிறது. போத்தல்கள் சின்னவை, பாசி அடிக்கும் நாட்களில் ஒவ்வொரு சோதனைக்கும் முப்பது துளிக்கு மேல் போகும், வேகமாகத் தீர்கிறது. விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில். எங்கள் காவலாளி தம்பிக்குத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் அவரே அழகாகச் செய்கிறார். கிட்டின் சோதனை மருந்துகளை பம்ப் அறையின் சூட்டில் வைக்காமல் வீட்டுக்குள் அலுமாரியில் வையுங்கள்.

பிள்ளைகளுக்காகக் காற்றடித்து நிரப்பி மறுநாள் ஊற்றிவிடும் தொட்டிக்கு இது தேவையில்லை. தொடர்மாடி, விருந்தினர் விடுதி, பள்ளிக்கூடத் தடாகம் என்றால் குழு ஒன்று வாங்கி வைக்கட்டும். வாங்கும்போதே குளோரின் சோதனைத் தூளும் துளி மருந்தும் மேலதிகமாக ஒரு சோடி சொல்லிவிடுங்கள், முதலில் தீர்வது அவை இரண்டும்தான். ஐந்துக்கு நாலரை.