கேட்ஸ்கில்லில் தாமஸ் கோல் வீடு: போகிறவர்களுக்கு

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது கேட்ஸ்கில். அமெரிக்காவின் காட்டையும் மலையையும், இயற்கையை உணர்ச்சியோடு வரையும் ரொமாண்டிக் ஓவிய பாணிக்குள் கொண்டுவந்த தாமஸ் கோல் 1848-ல் இறக்கும்வரை குடியிருந்த மஞ்சள் வீடு இப்போது அருங்காட்சியகம். நான் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவள், அதனால் என் கண் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவருடைய பெரிய ஓவியங்களைத் தேடி இங்கே போக வேண்டாம். பேரரசு ஒன்று எழுந்து அழிவதை ஐந்து படங்களாக அவர் வரைந்த வரிசை நியூயார்க் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. 1836-ல் வரைந்த 'ஆக்ஸ்போ' என்ற இயற்கைக் காட்சி ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். இங்கே பார்க்க வேண்டியது அவர் உழைத்த இடம். 1839-ல் வேலையைத் தொடங்கிய பழைய ஸ்டூடியோவில், வரையும்போது படத்தை நிறுத்தி வைக்கும் அவருடைய மரத் தாங்கிகள் நிற்கின்றன. அந்த அறையை விட்டு வர எனக்கு மனசே இல்லை. வீட்டின் வரவேற்பறையில், சுவர் உச்சியில் கோல் தன் கையால் தீட்டிய அலங்காரப் பட்டைகள், பின்னால் வந்தவர்கள் அடித்த பெயின்டுக்கு அடியில் பல காலம் மறைந்து கிடந்தன. பொறுமையாகச் சுரண்டி அவற்றை மீட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு கும்பிடு போடலாம். அவரே வடிவமைத்த புதிய ஸ்டூடியோ 1973-ல் இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது 2016-ல் திறந்த மறுகட்டுமானம், கண்காட்சிகள் அதில் நடக்கின்றன.

அப்புறம் தாழ்வாரத்துக்கு வாருங்கள். எதிரே கேட்ஸ்கில் மலைகள். போவதற்கு முன் கோலின் இரண்டு ஓவியங்களை இணையத்திலிருந்து போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டி ஓடும் கேட்ஸ்கில் ஓடையை 1836-37-ல் கோல் வரைந்தது ஒன்று: மரங்கள் அடர்ந்த கரை. 1843-ல் அதே பக்கத்தை மறுபடி வரைந்தது இன்னொன்று: மரங்கள் போய்விட்டன, நடுவே பொடிசாக ஒரு ரயில். ரயில் பாதைக்காகப் பள்ளத்தாக்கில் மரங்களை வெட்டியபோது அவர் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். 1829-ல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, நம் காட்டின் பிம்பத்தை மங்கவிடாதே என்று நண்பரும் கவிஞருமான வில்லியம் கல்லன் பிரையன்ட் அவருக்கு ஒரு கவிதையே எழுதியிருந்தார். அந்தக் காடு அவர் வாசலிலேயே மறைந்தது. ரொமாண்டிக் ஓவியம் என்றால் வெறும் அழகு ரசனை என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதில் இருப்பது இழந்தவனின் துக்கம்.

ஆற்றுக்கு அக்கரையில் ஓலானா. 1844-ல் கோலிடம் பாடம் படிக்க வந்த ஓவியர் ஃபிரெடரிக் சர்ச் பிற்பாடு குன்றின் மேல் கட்டிய மாளிகை அது, சுற்றிலும் 250 ஏக்கர். ரிப் வான் விங்கிள் பாலத்தைக் கடந்தால் போதும், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். இரண்டு இடத்திலும் உள்ளே பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓலானா கண்ணைப் பறிக்கும், சரிதான். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் கோல் வீட்டுக்கே போவேன்.