கீபோர்டு குமிழ்கள்: வெள்ளை மார்க்கரா, வண்ண மூடியா?

மேடை விளக்கு மங்கினால் இசைக் கீபோர்டின் கறுப்புப் பேனலில் கறுப்புக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. கட்ஆஃபைத் (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்று வைக்கும் குமிழ்) தொடப்போய் ரெசொனன்ஸைத் (அந்த வெட்டுமிடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் குமிழ்) திருகினால் ஸ்பீக்கர் கிறீச்சிடும். இதற்கு இரண்டு வழி: குமிழில் வெள்ளை மார்க்கரால் கோடு போடுவது, அல்லது பழைய குமிழ் மூடியைக் கழற்றி வண்ண மூடி மாட்டுவது.

செலவு: மார்க்கருக்கு ஒரு வெள்ளை அக்ரிலிக் பேனா போதும். மூடிக்கு, குமிழ் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும்.

உழைப்பு: மார்க்கர் கோடு விரல் படப்படத் தேயும், திரும்ப வரைய வேண்டும். முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசையைத் துடைத்தால் கூடுதல் நாள் நிற்கும் (நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்). வண்ண பிளாஸ்டிக் மூடியில் நிறம் உள்ளேயே கலந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

சுலபம்: இங்கேதான் மூடி படுத்தும். மூடி மாட்டும் தண்டு 6 மி.மீ. என்று பார்த்து வாங்கிவிட்டு, அது டி வடிவமா, பல் வெட்டியதா என்று பார்க்காமல் விட்டால் பொருந்தாது. ஸ்லைடர் (நேர்கோட்டில் தள்ளும் குமிழ்) தண்டும் அப்படித்தான், 4 மி.மீ., 8 மி.மீ. என்று வேறுபடும். ஒன்றைக் கழற்றி அளந்த பிறகே வாங்குங்கள். கழற்றும்போது நேராக மேலே இழுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் தழும்பு விழும்.

சரி, இன்றிரவே கச்சேரி என்றால் மார்க்கர். பிற்பாடு விற்கும் எண்ணம் இருந்தால் மூடி, பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்ஆஃபுக்கு மட்டும் மஞ்சள் மூடி மாட்டி, மற்றதற்கெல்லாம் கோடு போட்டிருக்கிறேன்.