பினாங்கு போட்ட வேஷங்கள்: ஜார்ஜ்டவுன் படப்பிடிப்புத் தெருக்களில் ஒரு காலை நடை

பினாங்கு திரையில் பினாங்காகவே வருவது அபூர்வம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வியட்நாமாக இருந்திருக்கிறது, ஹாலிவுட்டுக்குச் சயாமாக (தாய்லாந்தின் பழைய பெயர்), பிரிட்டனின் சேனல் 4-க்குச் சிம்லாவாக. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி இங்கே வந்து மலாக்காவை எடுத்துக்கொண்டு போனது. 2020-இல் ஐடிவியில் வந்த 'தி சிங்கப்பூர் கிரிப்' தொடருக்காக இதே தெருக்கள் யுத்தகாலச் சிங்கப்பூராகவும் மாறின. ஊர் தன் சொந்தப் பெயரில், தன் சீனர்களின் ஹொக்கியன் பேச்சோடு முழுநீளமாக வந்த படம் என்றால் 2017-இன் 'யூ மீன் தி வோர்ல்ட் டு மீ' ஒன்றுதான் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது.

இந்த வேஷங்களை எல்லாம் தெருத் தெருவாக நடத்திக் காட்டும் சுற்றுலாக்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் இருக்கின்றன. இந்த முறை ஊருக்குப் போனபோது அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றில் சேர்ந்தேன். சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் காசு கொடுப்பதா என்று அண்ணி சிரித்தார். ஆனால் 2015-இல் சேனல் 4-இன் அந்தச் சிம்லாத் தொடர் 'இந்தியன் சம்மர்ஸ்' ஓடிய நாட்களில், லண்டன் அலுவலகத்தில் ஆளாளுக்கு "உங்கள் இந்தியா எவ்வளவு அழகு" என்று சொல்லச் சொல்ல, அது என் இந்தியா இல்லை, எங்கள் பினாங்கின் கொடிமலை என்று விளக்கி விளக்கி வாய் வலித்தவள் நான். அந்த வேஷம் எங்கே போடப்பட்டது என்று கிட்டே போய்ப் பார்க்கும் ஆசை எனக்கு அப்போதே வந்துவிட்டது.

முதலில் பதிவு பற்றி. இணையத்தில் பவுண்டில் பணம் கட்டினேன். 'நுழைவுக் கட்டணங்கள் உட்பட' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். காலையில் லெபோ கெரேஜாவில் (லெபோ என்றால் மலாயில் தெரு) போய் நின்றால், வழிகாட்டியின் கைப்பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே 'நடை மட்டும்'. பதிவை விற்ற இணையதளம் ஒன்று, நடத்தும் நிறுவனம் வேறொன்று. நடுவில் ஏதோ நழுவியிருக்கிறது. வழிகாட்டி அங்கேயே தன் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு, உள்ளே போகும் காசைத் தாங்களே கட்டுவதாக வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையதளத்துக்கு நான் அனுப்பிய புகாருக்கு 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

வழிகாட்டி பிறை என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழர், நாற்பது வயதிருக்கும். கழுத்தில் நீல அட்டை. மலேசியாவில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு நீல அட்டை, காடு மலை என்று இயற்கைப் பகுதிகளுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்குப் பச்சை. குழுவில் சிங்கப்பூர்ச் சீனத் தம்பதி ஒன்று, பெர்த்திலிருந்து வந்த இரண்டு தோழிகள், நாங்கள். குழுவுக்கு ஆங்கிலம், எனக்கு இடையிடையே தமிழ். முதல் பத்து நிமிடம் 'மேடம்'. எந்த ஊர் என்று விசாரித்து, எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் 'அக்கா' ஆகிவிட்டேன்.

லெபோ கெரேஜாவிலிருக்கும் பச்சை வண்ண பெரனாக்கான் மாளிகையிலிருந்து நடை தொடங்கியது. பல தலைமுறைக்கு முன்பே குடியேறி மலாய்ப் பண்பாட்டோடு கலந்துவிட்ட சீனர்களைத்தான் பெரனாக்கான் என்பார்கள். 2008-இல் சிங்கப்பூரில் ஓடிய 'தி லிட்டில் நோன்யா' தொடரின் பெரிய வீட்டுக் காட்சிகளுக்கு இந்த மாளிகையைப் பயன்படுத்தினார்கள். கதை நடப்பது மலாக்காவில். சிங்கப்பூர்த் தம்பதிக்கு 34 அத்தியாயமும் மனப்பாடம். அந்த அம்மாள் மாடிப்படியைப் பார்த்ததும் வசனமே பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டைக் கட்டிய கப்பித்தான் (சீனர்களின் தலைவர்) சுங் கெங் குவி ஒரு ஹக்கா சீனர், பெரனாக்கான் இல்லை என்று வழிகாட்டி சொன்னபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆக, வீடே ஒரு வேஷத்தில்தான் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு வேஷம். கூட்டம் அதிகம், குளிர்சாதனம் போதாது. உள்ளே நிறைய நேரம் நிற்க முடியவில்லை.

இவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பிளாஸ்டிக் கோப்பு. படத்திலிருந்தும் தொடரிலிருந்தும் எடுத்த காட்சிகளைப் பெரிதாக அச்சடித்து, உறை போட்டு வைத்திருக்கிறார். ஓரிடத்தில் நிறுத்தி, படத்தைக் கை நீட்டிப் பிடித்து, அரை அடி இடது, கொஞ்சம் கீழே என்று நகர்த்துவார். படத்திலுள்ள தூண் எதிரிலுள்ள தூணோடு சேரும் இடம் வந்ததும் "இப்ப பாருங்க" என்று கோப்பை விலக்குவார். சயாம் போய் ஏர்கான் பெட்டியும் கேபிளும் ஸ்கூட்டரும் வந்து நிற்கும். வாய்ப்பேச்சில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் இது வராது.

கூ குலத்தாரின் சங்க வளாகமான கூ கொங்சியின் சதுக்கத்தில் இதை நன்றாகச் செய்தார். 1999-இல் வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்துக்கு, அரச குடும்பத்தைக் காட்டும் விதம் சரியில்லை என்று தாய்லாந்து அனுமதி மறுத்துவிட, படக்குழு மொத்தமாக மலேசியாவுக்கு வந்தது. ஈப்போ, லங்காவி என்று பல இடங்களில் எடுத்தார்கள். இந்தச் சதுக்கமும் அதில் ஒன்று. ஏன் இந்த இடம் என்பதை அங்கே நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். நாலு பக்கமும் வீடுகள், உள்ளே வரக் குறுகலான வழி, தரையெல்லாம் கருங்கல் பாவியது. வழியை அடைத்துவிட்டால் இருபதாம் நூற்றாண்டே உள்ளே வராது. எரிந்துபோன பழைய கோயிலுக்குப் பதிலாக 1906-இல் கட்டி முடித்த கூ குலக் கோயில், எந்தக் கலை இயக்குநரும் தொடத் தேவையில்லாத அளவுக்கு அப்படியே இருக்கிறது. மற்றத் தெருக்களில்தான் பாடு. சாலையின் மஞ்சள் கோட்டை மண் கொட்டி மறைக்க வேண்டும், கடைப் பலகைகளுக்கு மேல் மரப் பலகை அடிக்க வேண்டும், கடைக்காரருக்கு நாள் வியாபாரத்துக்கு ஈடு கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து கேமரா ஓடும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்க வேண்டியதுதான் என்றார்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஏன் வருகிறார்கள்? ஒன்று, 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தபிறகு நகரின் பழைய பகுதியை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. தெரு முழுக்கக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு, காசு. 2013-லிருந்து, மலேசியாவில் எடுக்கும் படங்களுக்குத் தகுதியான உள்நாட்டுச் செலவில் 30 விழுக்காட்டை அரசாங்கம் திருப்பித் தருகிறது. பெர்த் தோழிகள் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாந்தாற்போலத் தெரிந்தது. அழகுக்காக மட்டுமே வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல.

நான் குறைப்படும் இடம் லிட்டில் இந்தியா. லெபோ பினாங்கில் பூக்கடைகளைத் தாண்டி, லெபோ குவீனில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் வந்தபோது, "இது பினாங்கின் பழைய இந்துக் கோயில், படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கூட்டத்தை நகர்த்தினார். கோப்பில் இந்தத் தெருவுக்கு ஒரு காட்சிகூட இல்லை. கூட்டம் முன்னால் போனதும் கேட்டேன்: அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் தமிழ் நாடகம் போடுகிறார்கள், ஆஸ்ட்ரோவின் தமிழ்ச் சேனல் வானவில்லில் வருஷக்கணக்காகப் போடுகிறார்கள், அதையெல்லாம் ஏன் காட்டுவதில்லை?

"அக்கா, அதைக் கேக்கிறது யாரு? வானவில் நாடகம் பாக்கிறவங்க காசு குடுத்து டூருக்கு வரமாட்டாங்க லா. அவங்க வீடே அந்தத் தெருவுலதான இருக்கு."

சிரித்துவிட்டேன், பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. தமிழ்நாட்டு சினிமாக்காரர்களுக்கு மலேசியா என்றால் கோலாலம்பூர்தான். 'பில்லா'வில் பத்துமலை, 'கபாலி'யில் இரட்டைக் கோபுரம். பினாங்குத் தமிழர்கள் அந்தக் கணக்கிலும் வரவில்லை, இந்தக் கணக்கிலும் வரவில்லை.

அப்புறம் அவரே ஒன்று சொன்னார், அதுவும் தமிழில், எனக்கும் அண்ணன் மகளுக்கும் மட்டும். 'இந்தியன் சம்மர்ஸ்' எடுத்தபோது அவருடைய சித்தி துணை நடிகையாகப் போயிருக்கிறார். விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொள்ளுமாம். சிம்லாவில் குளிர் என்பதால் தோளில் கம்பளிச் சால்வை. கீழே ஊருக்குள் எடுத்த நாளில் பினாங்கு வெயிலுக்கு அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கூடையோடு ஒரே பத்தடியை மத்தியானம்வரை நடந்திருக்கிறார். 'கட்' சொன்னதும் உதவியாளர் ஓடி வந்து முகத்து வியர்வையை ஒற்றி எடுப்பாராம், குளிர்ப் பிரதேசத்துக்காரி வியர்க்கக் கூடாதே! சாப்பாடு நன்றாக இருந்தது, சம்பளமும் சரியாக வந்தது, முகம்தான் எந்த அத்தியாயத்திலும் தெரியவில்லை. "நம்ம ஆளுங்கதான் அக்கா, அந்த பஞ்சாபி, பஹாடி எல்லாரும்" என்றார். இதை ஏன் குழுவுக்குச் சொல்வதில்லை என்று என் அண்ணன் மகள் கேட்டாள். அவர் யோசித்தார். ஆர்மேனியன் தெருவுக்கு வந்ததும் எல்லாரையும் நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். அன்று காலை அவர் சொன்னவற்றில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தது இதற்குத்தான்.

லெபோ சூலியா வழியாக லீத் தெருவரை நடப்பது வெயிலில் நீளம். கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை நிழல் தரும்தான், ஆனால் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் கிடப்பதால் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் கிராப் வாடகைக் கார் எடுத்துவிடுவது நல்லது. முடிவில் சியோங் பாட் சியின் நீல மாளிகை. 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படம் 1992-இல் இதை வியட்நாமாகக் காட்டியது. அப்போது வீடு இன்னும் முழுதாகப் பழுதுபார்க்கப்படவில்லை. 2018-இல் 'கிரேசி ரிச் ஏசியன்ஸ்' படத்தின் மாஜோங் (சீனர்களின் காய் ஆட்டம்) காட்சியும் இங்கேதான். ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ, பினாங்கு வீட்டில் உட்கார்ந்து, சிங்கப்பூர்ப் பணக்காரியாக ஆடுகிறார். அதே படத்தின் குடும்ப மாளிகையோ கோலாலம்பூரிலுள்ள கார்கோசா. சிங்கப்பூர்த் தம்பதி இதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரின் நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்தது. அந்த அவுரி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததாம்.

கொடிமலை இந்த நடையில் சேராது, தனியாகத்தான் போக வேண்டும். மறுநாள் 204 பஸ் பிடித்துப் போனோம். டிக்கெட் முகப்பில் "ஐசி?" என்று, அதாவது மலேசிய அடையாள அட்டை, கேட்டார்கள். அண்ணன் மகள் காட்டினாள், உள்ளூர் விலை. எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். மலேசியா இரட்டைக் குடியுரிமை தராது, அதனால் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்து ரொம்ப காலமாகிறது. வெளிநாட்டார் விலை. முகப்பிலிருந்த பையன் என் தமிழைக் கேட்டுவிட்டு "சாரி ஆண்டி" என்றான். விதி விதிதான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

தொடரில் ராயல் சிம்லா கிளப்பாக வந்த கட்டடம் மேலே இருக்கும் பழைய கிராக் ஹோட்டல். ஈ அண்ட் ஓ ஹோட்டலை நடத்திய சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்தியது, பிறகு அப்லண்ட்ஸ் பள்ளிக்கூடமாக இருந்தது, அதன் பிறகு பாழாகக் கிடந்தது. சிம்லாவிலேயே எடுக்காததற்குக் காரணம் அங்கே மழைக்காலம் நீளம், பழைய கட்டடங்களைச் சுற்றி நகரமும் வளர்ந்துவிட்டது. இங்கே படக்குழு வந்து கூரையையும் வராந்தாவையும் சீர் செய்து, ஜூலி வால்டர்ஸை முதலாளியம்மாவாக உட்கார வைத்தது. நாங்கள் போன அன்று வேலி போட்டிருந்தார்கள். பாதையிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. திரும்பும் வழியில் மலைமேல் அருளொளித் திருமுருகனைக் கும்பிட்டோம். அவர் மணியடித்தாலும் படப்பிடிப்பை நிறுத்த வேண்டியதாகத்தான் இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலை நடையையே எடுங்கள், மத்தியான மழையும் வெயிலும் ஆளைக் கொன்றுவிடும். பதிவு செய்யும்போது நடத்தும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா என்று அவர்களிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி தமிழராக இருந்தால் லெபோ குவீனில் கொஞ்சம் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள், கேட்டால் சொல்வார்கள். தொடரையோ படத்தையோ பார்க்காமல் போனால் பாதி சுவை போய்விடும், என் அண்ணன் மகள் பல இடங்களில் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிப்ஸ் கட்டாயமில்லை, நான் கொடுத்தேன். கொடிமலைக்கு வார நாளில் சீக்கிரமே போய்விடுங்கள். நம்மைப்போல் பாஸ்போர்ட் மாறியவர்கள் ஐசி உள்ள ஒரு சொந்தக்காரரைக் கூட்டிப்போவது நல்லது: டிக்கெட் விலை குறையாது, வரிசையில் நிற்கவாவது ஆள் இருக்கும்.