பெங்களூரு ஆபீஸா, ஊரிலிருந்தே ரிமோட்டா? ராத்திரி யார் எழுந்திருப்பது என்று முதலில் கேளுங்கள்

கையில் இரண்டு ஐடி வேலை ஆஃபரை வைத்துக்கொண்டு ஃபோன் செய்யும் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, பெங்களூருல வாரம் மூணு நாள் ஆபீஸ் வரச் சொல்றாங்க. இன்னொன்னு முழுக்க ரிமோட், ஊர்லயே இருந்துக்கலாம். எதுல சேரட்டும்?" சம்பளம், வாடகை, பஸ் செலவு எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஆன்-கால், அதாவது சிஸ்டம் பழுதானால் எந்நேரமும் எழுந்து சரிசெய்யும் முறை, எப்படி என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெங்களூரு வேலையில் ஆளைத் தின்பது பயணம். மடிவாளாவில் பிஜி, பெல்லந்தூரில் ஆபீஸ் என்றால் சாயங்கால மழையில் சில்க் போர்டு பக்கம் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதுதான். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்துவிட்டது. ஓசூரில் வீடு எடுத்து அங்கே வந்துபோகும் நம் குடும்பங்களும் நிறைய. பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கலாம், வாடகையும் குறைவு. ஆகவே ஆபீஸ் நகரத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் 'பெங்களூரு வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள்.

ரிமோட்டில் வாடகை மிச்சம், அம்மா அப்பா பக்கத்தில், வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் நாளுக்கு ஒரு இன்வெர்ட்டர், இரண்டாவது இன்டர்நெட் இணைப்பு, இவை போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சின்ன கம்பெனிகள் பலவும் நம்மை ஊழியராக எடுப்பதில்லை, கான்ட்ராக்டராகத்தான் எடுக்கின்றன. பிஎஃப் இல்லை, கிராச்சுட்டி இல்லை, பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் குரூப் இன்ஷூரன்ஸ் இல்லை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நாலு தவணையில் அட்வான்ஸ் டாக்ஸை நாமே கட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேறு. டாலரில் பெரிதாகத் தெரியும் சம்பளத்தில் இதையெல்லாம் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இனி ஆன்-கால். ராத்திரி 2:40க்கு ஃபோன் அலறுகிறது. 'அக்னாலெட்ஜ்' அழுத்தும் வரை நிற்காது. சில நிமிடங்களில் அழுத்தாவிட்டால் அடுத்த ஆளுக்கும், பிறகு மேனேஜருக்கும் போகும். லேப்டாப்பைத் திறந்து, விபிஎன், ஓடிபி போட்டு, டாஷ்போர்டைப் பார்த்தால் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது. பழைய லாகுகளை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவுகளை, அழித்தால் இறங்கிவிடும். பத்து நிமிட வேலைதான். ஆனால் திரும்பத் தூக்கம் பிடிக்க நாலு மணியாகிவிடும், காலையில் வழக்கம்போல ஸ்டாண்ட்-அப் மீட்டிங். அந்த லாகுகளைத் தானாக அழிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் போதும், அடுத்த வாரம் யாரும் எழ வேண்டியதில்லை. அதற்கு ஸ்பிரிண்டில், அதாவது டீமின் வேலைத் திட்டத்தில், இடம் கொடுக்காத டீமில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சேர வேண்டாம் என்பேன்.

2:40க்கு ஏன் அடிக்கிறது? குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் அப்போது மதியம் 1:10. வாடிக்கையாளர்கள் மும்முரமாக இருக்கும் நேரம், புது கோடு சர்வரில் ஏறும் நேரமும் அதுதான். இந்திய வாடிக்கையாளர்களுக்கான சாப்பாடு டெலிவரி ஆப்பிலோ பேமென்ட் ஆப்பிலோ வேலை என்றால் கூட்டம் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு. சாயங்காலம் பறிபோகும், நடுராத்திரி பெரும்பாலும் நமக்கே. லண்டன் கம்பெனி என்றால் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மதியம் 1:30 அல்லது 2:30. அவர்கள் கடையை மூடும்போது நாமும் படுக்கப் போகலாம். நம் தூக்கத்தைத் தீர்மானிப்பது வாடிக்கையாளர் எந்த நாட்டில் விழித்திருக்கிறார் என்பதுதான். பெல்லந்தூரில் உட்கார்ந்தாலும் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தாலும் அது மாறாது.

ஆனால் அமெரிக்க கம்பெனி என்றாலே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேயும் இங்கேயும் ஆள் வைத்து, அவரவர் பகலை அவரவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், அவர்கள் தூங்கும்போது நாம் பகலில் பார்க்கிறோம். இதைவிட நல்ல ஆன்-கால் கிடையாது. அதே கம்பெனியில் அப்படிப் பிரிக்காமல் எல்லோரையும் ஒரே சுற்றில் போட்டால் இதைவிட மோசமும் கிடையாது. கூகுளில் சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ டீம் 2016இல் வெளியிட்ட நெறிப்படி, ஒரே இடத்தில் இருக்கும் டீமுக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும், இரண்டு இடமாகப் பிரிந்திருந்தால் இடத்துக்கு 6 பேர். 12 மணி நேர ஷிஃப்டுக்கு அதிகபட்சம் 2 சம்பவங்கள். மூன்று பேர் மட்டுமே உள்ள ஸ்டார்ட்அப்பில் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் உங்கள் முறை. யாராவது லீவு போட்டால் அதுவும் உங்கள் தலையில்.

பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் ஷிஃப்ட் வேலை மூன்றாவது வழி. ராத்திரி வேலைதான், ஆனால் வெளிப்படையான ராத்திரி வேலை: ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டு, கேப் உண்டு, பகலில் தூங்கலாம். கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைக்கச் சொல்லும், அப்போதிருந்த நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி கம்பெனிகளுக்குத் தந்த விலக்கை 2024இல் கர்நாடக அரசு மேலும் ஐந்து ஆண்டு நீட்டித்தது. அதே ஆண்டு ஜூலையில் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்டும் யோசனை வந்தபோது ஐடி ஊழியர்களின் கேஐடியு சங்கம் தெருவில் இறங்கி எதிர்த்தது. வேலை நேரம் முடிந்தபின் அழைப்பை மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்டிலேயே ஆஸ்திரேலியாவில் அமலுக்கு வந்துவிட்டது. இங்கே அது சுப்ரியா சுலே நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவாகவே நிற்கிறது.

என் தேர்வு இதுதான். முதல் இரண்டு மூன்று வருடம் பெங்களூரு. நடுராத்திரி சிஸ்டம் விழுந்தால் சீனியர் எந்த வரிசையில் எதைப் பார்க்கிறார் என்பதை அடுத்த நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஸ்லாக் சாட்டில் அது முழுதாக வராது. அனுபவம் வந்தபின் ரிமோட், ஆனால் ஆன்-கால் ரொட்டேஷன் (சுற்று முறை) பகலில் வரும் இடமாக. வயதான பெற்றோரைப் பார்க்க ஊரில் இருந்தே ஆக வேண்டியவர்கள், சம்பளம் குறைந்தாலும் இன்ஷூரன்ஸ் தரும் இந்திய கம்பெனியின் ரிமோட் வேலையைப் பாருங்கள்.

எதுவானாலும் கடைசி இன்டர்வியூவில் எச்ஆரிடம் விடாமல், டீம் மேனேஜரிடமே கேளுங்கள்: ரொட்டேஷனில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 6 வரை எத்தனை அலர்ட், ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் காம்ப்-ஆஃப் (ஈடு லீவு) உண்டா, ஆன்-கால் வாரத்துக்குத் தனிப் பணம் உண்டா. வரும் பதிலை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.