பேஸ் கிட்டார் நெக் ஜிக்: மரச்சட்டமா, இரும்பு பாக்ஸ் பைப்பா?

34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) பேஸ் கிட்டாரில் நாலு கம்பிகளும் சேர்ந்து நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கம்பியைக் கழற்றியதும் நெக் பின்னோக்கி வளைகிறது. அந்த நிலையில் ஃப்ரெட்டை (நெக்கின் மேலுள்ள உலோகக் குறுக்குக் கம்பிகளை) அரம் போட்டுச் சமன் செய்தால், மறுபடி கம்பி மாட்டும்போது கணக்கு தப்பும். அதனால் கம்பி இருக்கும்போதே நெக்கின் பின்பக்கம் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) வைத்துப் பூஜ்யமாக்கி, கழற்றிய பிறகு அதே அளவுக்கு நெக்கைக் கொண்டுவந்து ஜிக்கில், அதாவது அதை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், நிறுத்துகிறோம்.

ஜிக்கின் அடித்தளம் மரச்சட்டம் என்றால் அறுக்க, துளையிட எளிது. வீட்டுக் கருவிகளே போதும். ஆனால் ஈரப்பதத்துக்கு ஏற்ப அசையும். அரம் அழுத்தும்போது கொஞ்சம் தொய்யவும் செய்யும். கேஜ் காட்டும் 0.01 மி.மீ. அளவில் இது நிச்சயம் தெரியும். அடித்தளமே நகர்ந்தால் கேஜ் சொல்வதை நம்ப முடியாது.

பாக்ஸ் பைப் (சதுர இரும்புக் குழாய்) கனம், துளையிடவும் சிரமம். இருந்தாலும் பேஸ் நெக்கின் நீளத்துக்கு இந்த விறைப்பு தேவை. என் தேர்வு இதுதான். நெக்கைத் தாங்கும் கட்டைகள் மட்டும் மரத்தில் இருக்கட்டும், மேலே கார்க் ஒட்டினால் பாலிஷ் கீறாது. சாதா கிட்டாருக்கு மட்டும் ஜிக் வேண்டுமா? நெக் குட்டை, தடித்த மரச்சட்டமே சரி.