60 யூனிட் 2760 டாலர்: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல அக்ரி பிசினஸ், காசுக்கு வொர்த்தா?

கலிஃபோர்னியாவோட விவசாயப் பகுதியான இந்த சென்ட்ரல் வேலில இருக்கற நம்ம ஆளுங்க நாலஞ்சு பேர் இந்த படிப்பு காசுக்கு வொர்த்தான்னு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா எழுதிடறேன். என் பையன் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷ அக்ரிகல்ச்சர் பிசினஸ் முடிச்சுட்டு இப்ப ஃப்ரெஸ்னோ ஸ்டேட் யூனிவர்சிட்டில மூணாவது வருஷம். காலேஜ் பேர் சொல்லல, கீழ கொஞ்சம் திட்டப்போறேன். ரேட்டிங் அஞ்சுக்கு நாலு, ஆனா எல்லாருக்கும் இல்ல.

ஃபீஸ் பத்தி குறையே சொல்ல முடியாது. கலிஃபோர்னியா ரெசிடெண்ட்டுக்கு யூனிட்டுக்கு (அதாவது க்ரெடிட்டுக்கு) 46 டாலர், 2012லருந்து அதே ரேட்டு, ஆக மொத்த 60 யூனிட்டுக்கும் 2760தான். வருமானம் கம்மியா இருக்கற குடும்பத்துக்கு ப்ராமிஸ் கிராண்ட்ல அதுவும் தள்ளுபடி. முதல் நாள்லருந்தே சிஎஸ்யூல (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி, ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அதுல ஒரு கேம்பஸ்) சேர்ந்திருந்தா 2024-25 ரேட்டுல வருஷத்துக்கு 6084, கேம்பஸ் ஃபீஸ் தனி. அப்ப ரெண்டு வருஷத்துல ஒன்பதாயிரத்துக்கு மேல மிச்சம், பையன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டே படிச்சதால வாடகையும் இல்ல.

ஆனா நெஜமான செலவு ஃபீஸ் இல்ல. 2025ல இங்க மினிமம் வேஜ் மணிக்கு 16.50, ஒரு பேக்கிங் ஹவுஸ்ல (காய், பழம் தரம் பிரிச்சு பெட்டில அடைக்கற எடம்) வருஷம் பூரா ஃபுல் டைம் நின்னா 34,000 டாலர் சொச்சம் வரும், வேலைக்கே போகாம ரெண்டு வருஷம் படிச்சா 68,000 கைய விட்டுப் போகுது, இத யாருமே கணக்குல சேக்க மாட்டேங்கறாங்க. பையனோட க்ளாஸ்ல பாதி பேர் காலைல வேலை, சாயங்காலம் க்ளாஸ்னு ஓட்டினவங்க, அவங்களுக்குத்தான் இந்த படிப்பு ரொம்ப மலிவா முடிஞ்சது.

பாடம் எப்படின்னா, எனக்கு ஆச்சரியமாதான் இருந்தது. யூசி டேவிஸ் யூனிவர்சிட்டி போடற காஸ்ட் ஸ்டடி, அதாவது சாகுபடிச் செலவுக் கணக்கு இருக்கே, அத எக்செல்ல போட்டு பாதாம் தோட்டத்துக்கு ஏக்கர் கணக்கு எழுதச் சொன்னாங்க. தண்ணி, உரம், மருந்து, மரத்த குலுக்கற மெஷின் கூலி, அதுக்கு மேல தேனீப் பெட்டி! பிப்ரவரில பூ பூக்கும்போது ஏக்கருக்கு ரெண்டு பெட்டி வாடகைக்கு எடுக்கணுமாம், பெட்டி ஒண்ணு 200 டாலர் கிட்ட, நான் வாயப் பொளந்துட்டேன். 2014ல விவசாயிக்கு பவுண்டுக்கு 4 டாலர் கிட்ட கெடைச்ச பாதாம் 2022ல 1.40க்கு வந்துடுச்சு, எக்செல்ல அந்த விலைக் கட்டத்த மட்டும் பையன் மாத்தினான், கடைசி வரி மைனஸ்ல போய் நின்னுச்சு. கூடப் படிக்கற பஞ்சாபிப் பையன் ஒருத்தன், அவங்களுக்கு திராட்சைத் தோட்டம் இருக்கு, அவன் சொன்னானாம், "எங்கப்பா இதெல்லாம் மனக்கணக்காவே போட்டுடுவாரு, ஆனா பேங்க்காரன் பேப்பர்ல கேக்கறான்"னு.

அந்த பேப்பர் விஷயம் சும்மா இல்ல. அமெரிக்க அரசாங்கத்தோட எஃப்எஸ்ஏ (ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி) நேரடியா நிலம் வாங்க 6 லட்சம் டாலர் வரைக்கும் லோன் குடுக்குது, அதுக்கு மூணு வருஷம் பண்ணைய நடத்தின அனுபவம் வேணும், விவசாயம் சம்பந்தமான காலேஜ் படிப்பு இருந்தா அதுல ஒரு வருஷத்த ஈடு கட்டலாம். நிலம் இருக்கற வீட்டுப் பிள்ளைக்கோ வாங்கணும்னு நெனைக்கறவங்களுக்கோ இது பெரிய விஷயம், நம்மள மாதிரி மாசச் சம்பளக் குடும்பத்துக்கு பெருசா ஒண்ணும் இல்ல.

ரெண்டு வருஷ டிகிரிய மட்டும் கைல வச்சுகிட்டு என்ன கெடைக்கும்னா, உரம் விக்கற கம்பெனில சேல்ஸ், பேக்கிங் ஹவுஸ் ஆபீஸ்ல கணக்கு, பண்ணைல சூப்பர்வைசருக்குக் கீழ ஒரு போஸ்ட். மோசம் இல்ல, ஆனா டிகிரியே இல்லாம அனுபவத்துல அதே சீட்ல உக்காந்திருக்கறவங்களயும் பாக்கறேன். அதனால இத பாதி டிக்கெட்னு வச்சுக்கங்க, நாலு வருஷ யூனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணாதான் காசு. ட்ரான்ஸ்ஃபருக்குன்னே இருக்கற ஏஎஸ்டி டிகிரிய எடுத்தா சிஎஸ்யூல இடம் உறுதி, ஆனா எந்த கேம்பஸ்னு உறுதி கிடையாது, அதே சிஎஸ்யூவோட கேல் பாலி சான் லூயிஸ் ஒபிஸ்போ கேம்பஸ்தான் வேணும்னு கனவு கண்டா அது தனிப் போட்டி.

இப்ப புகார். கவுன்சலர் ஒருத்தங்க சொன்னாங்கன்னு பையன் எடுத்த ஒரு கோர்ஸ் மேஜர்ல கணக்காகல, வெறும் எலெக்டிவா போயிடுச்சு, சம்மர்ல உக்காந்து வேற ஒண்ணு படிச்சான். அப்பாயிண்ட்மெண்ட் கெடைக்கவே வாரக்கணக்கு, கெடைச்சா அரை மணி நேரம், அதுலயும் பாதி நேரம் அவங்க கம்ப்யூட்டர் லோட் ஆகுது. அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, எந்த கோர்ஸ் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு சமம்னு அதுலயே போட்டிருக்கும், அத நீங்களே பாத்துட்டுப் போய் அவங்ககிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக்கங்க.

ஊர்லருந்து எஃப்-1 ஸ்டூடண்ட் விசால இதுக்குன்னே வரலாமான்னு கேக்கறவங்களுக்கு, வேணாம்ங்க. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்ல அந்த 46க்கு மேல யூனிட்டுக்கு 300 டாலருக்கும் அதிகமா நான்-ரெசிடெண்ட் ட்யூஷன், 60 யூனிட்டுக்கு 18,000 தாண்டிடும், அந்த விலைக்கு இந்த படிப்பு இல்ல. எச்-4 பிள்ளைங்க (அப்பா அம்மாவோட எச்-1பி வேலை விசாவ ஒட்டி வந்தவங்க) கதை வேற, அவங்க ஒரு வருஷத்துக்கு மேல இங்க இருந்தா ரெசிடெண்ட் ரேட்டுக்கு முயற்சி பண்ணலாம், மத்திய அரசு குடுக்கற உதவித்தொகையான பெல் கிராண்ட் மட்டும் கெடைக்காது. ஆனா எச்-4ல சம்பள வேலைக்குப் போக முடியாது, என் பையனுக்கு உருப்படியா எதாவது கெடைச்சதுன்னா அது சம்பளத்தோட செஞ்ச இண்டர்ன்ஷிப்லதான், அது இல்லாம இதுல சேர்றதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.